புளியங்கூடல் புளியில் இல்லாத ஆணி

போன கிழமை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, என் குசினி மேசையில் இருந்து பணிஸ் தின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். மரங்களை எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர்கள் முக்கியமாக எதைக் கவனிக்கவேண்டும்? நான் கதையை மாற்றிவிட்டேன். சொல்லத் தொடங்கியிருந்தால் உங்களுக்குக் கடைசி பஸ் தவறியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

குழாயை எவ்வளவு தூரத்தில் வைப்பது, தகட்டை எப்படிச் சாய்ப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. வாசியுங்கள், கண் தேயாது. கையேட்டில் இல்லாதது ஒன்றுதான். படம் திரையில் வந்த பிறகு, வாகனத்துக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்கும் ஆளுக்கு என்ன சொல்வது? இத்தனை வருட உத்தியோகத்தில் என்னை வேர்க்கவைத்தது அந்த ஒரு கேள்விதான். மெசின் ஒருநாளும் வேர்க்கவைத்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு தீவகத்து மரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கிணறுகள் உவராகிக்கொண்டு வரும் மண்ணில் மரங்கள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. மாரி நன்றாகப் பெய்த ஆண்டில் மரத்தின் உள்வளையம் அகலமாக, இலேசாக வளரும். காய்ந்த ஆண்டில் ஒடுங்கி இறுகும். சுற்றிச் சுற்றி எடுத்த படங்களைக் கணினி சேர்த்துத் தந்தால், மரத்தை வெட்டாமலே பேக்கரிப் பாண் துண்டுபோல ஒவ்வொரு துண்டாகப் பார்க்கலாம். நெடுந்தீவில் பார்த்தோம், சாட்டிக் கடற்கரைப் பக்கம் பார்த்தோம், கடைசியாகப் புளியங்கூடலுக்குப் போனோம்.

அங்கே ஓர் ஒழுங்கை முடக்கில் ஒரு புளிய மரம். அடியிலிருந்தே இரண்டாகப் பிரிந்து, ஒரு கவர்க்கிளை ஒழுங்கைக்கு மேலே சாய்ந்திருந்தது. அதற்குக் கீழால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்வந்தார்கள். கொஞ்ச நாளுக்கு முன்பு ஒரு கொப்பு முறிந்து, கீழே நின்ற ஓட்டோவின் மேல் விழுந்திருந்தது. உள்ளே மரம் உளுத்து உக்கல் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொன்னால், தறிப்பதா விடுவதா என்று பிரதேச சபை முடிவெடுக்கும். வந்த வேலையோடு இதையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

மரத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல நிழல், ஆனால் ஓர் ஆடுகூட அதில் படுத்திருக்கவில்லை. ஒழுங்கைப் பக்கத்துக் கவரின் பட்டையில் ஆள் உயரத்துக்குச் சுற்றிவரக் குழிகள். சின்னச் சின்னதாக, தொப்புள் மாதிரி மூடிக்கொண்ட குழிகள். ஊர்காவற்துறைக்காரனான எங்கள் ட்றைவர் அன்ரன் அதைக் கண்டதும் நெஞ்சில் சிலுவை போட்டான்.

"என்ன ஐசே, நீர் வேதக்காரன். உமக்கென்ன பயம்?" என்று கேட்டேன்.

"மிஸ், பேய்க்கு என்ன சமயம்?" என்றான். "உதெல்லாம் ஆணி அடிச்ச இடம். ஆரிலையும் பேய் ஏறினால் மந்திரவாதி அவையின்ர மயிரைக் கத்தரிச்சு, ஆணியிலை சுத்தி, புளியிலை அடிச்சுப்போடுவார். ஆணி உள்ளை இருக்கும்வரை அதுவும் உள்ளை இருக்குமாம். மரம் வளந்து எல்லாத்தையும் விழுங்கிப்போட்டுது."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, எதிர்வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓர் அம்மா வந்தார். பெயர் இராசமலர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமான மகள் முதல் பிள்ளைப்பேற்றுக்கு வந்து அந்த வீட்டில்தான் இருந்தாள், நிறைமாதம். இராசமலருக்குப் பின்னால் அவருடைய தமக்கை தவமணி வந்து மதிலோடு நின்றார். கல்யாணம் செய்யாதவர், அதே வளவில் பின்னறையில் இருக்கிறவர்.

"மிஸ், மரத்தைத் தறிக்கப் போறியளோ?" என்று இராசமலர் கேட்டார்.

"நாங்கள் தறிக்கிற ஆக்கள் இல்லை. உள்ளை உக்கலோ எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள்."

"அதுக்குள்ளை என்ர ஆணி இருக்கு" என்றார் அவர். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஊர் இடம்பெயர்வதற்கு முன்பு, புதிதாகக் கல்யாணம் செய்திருந்த காலத்தில், அவருடைய தலைப்பிள்ளை இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு வேறு யாருடையவோ குரலில் கதைத்தாராம். உச்சி வெயிலில் எழும்பிக் கடலுக்குள் நடக்கப் போனாராம். மந்திரவாதி வந்து இந்த மரத்தில் அவரைச் சாய்த்து நிற்கவைத்து, உச்சிக்கு நேர் மேலே ஆணியை அடித்தாராம். அதோடு சுகமாம். பிறகு இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டார்.

"வன்னியிலை பங்கருக்குள்ளை கிடந்த நாளிலையும் மிஸ், அது அங்கை ஊரிலை மரத்துக்குள்ளை இருக்கு, என்னட்டை வராது எண்டு நினைச்சுக்கொண்டுதான் கிடந்தனான். இப்ப மரத்தைத் தறிச்சால் அது வெளிக்கிடும். வெளிக்கிட்டால் எங்கை வரும்? வயித்துப்பிள்ளைக்காரி வீட்டுக்குள்ளை இருக்கிறாள்."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள். அந்த முகத்தில் இருந்த பயத்தை நான் ஆஸ்பத்திரி வாசல்களில் மட்டுந்தான் கண்டிருக்கிறேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தறிப்பதானால் தறியுங்கள், ஆனால் தன் ஆணி இருக்கிற துண்டை அப்படியே கட்டையாக எடுத்துத் தந்துவிடுங்கள். ஆணியை அசைக்காமல் அதைக் கொண்டுபோய் ஆழக்கடலில் போடுவித்துவிடுவார். அதற்கு ஆணி எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அன்ரன் முந்திவிட்டான்.

"அதுக்கென்ன அம்மா! எங்கட மிஸ்ஸின்ர மெசினிலை ஆணி என்ன, ஆணியிலை சுத்தின மயிரும் தெரியும்!"

கோதாரி! எக்ஸ்ரேயில் மயிர் தெரியாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல்லை இனி மடக்க ஏலுமா? இராசமலரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பார்க்காத படத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நிற்கிறவனையும் கொடுக்க விடாதீர்கள்.

மரம் ஆடினால் படம் கலங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் காற்று அடங்குவது நடுப்பகலில் மட்டும்தான். உச்சி நேரத்தில் எடுக்கப்போகிறோம் என்றதும் பார்க்க வந்திருந்த சனம் முழுக்க மெல்ல மெல்லக் கலைந்துபோனது. மஞ்சள் நாடா கட்டி ஆட்களை விலக்குவதற்கு எனக்கு வேலையே இருக்கவில்லை.

"உங்கட ஆணி எந்த இடம்?" என்று இராசமலரிடம் கேட்டேன். மரம் நுனியில்தான் உயர்கிறது, அடியில் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றார். கண்களை மூடினார். அவர் காட்டுகிறார் என்று நினைத்துச் சோக்கட்டியோடு கிட்டப் போனேன். அவர் காட்டவில்லை, அன்றைக்கு நின்ற மாதிரியே நிற்கிறார் என்பது கிட்டப் போன பிறகுதான் விளங்கியது. அவருடைய உச்சிக்கு மேலே கோட்டைப் போட்டுவிட்டு விலகினேன்.

முதல் எடுத்த படங்கள் அத்தனையும் கலங்கியிருந்தன. மரம் பலமாக ஆடியதுபோல. வெளியே ஓர் இலை அசையவில்லை. மெசின் நின்ற முக்காலியின் கால் மணலில் இறங்கியிருக்கும் என்று குறித்துவைத்தேன். யாராவது கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். முக்காலிக்குக் கீழே பலகை வைத்து மறுபடி எடுத்தோம்.

இரண்டாம் முறை படம் தெளிவாக வந்தது. நான் வாகனத்துக்குள் இருந்து துண்டு துண்டாகப் பார்த்தேன். அடியில் உக்கல் பெரிதாக இருந்தது. தறிக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. மேலே வரவர ஆணிகள் தெரியத் தொடங்கின. வெள்ளை வெளேரென்று, ஒன்று, பிறகு மூன்று, பிறகு எண்ண மனம் வராத அளவுக்கு. முனை நடுவைப் பார்க்க, எல்லாம் வட்டமாக நின்றன. எல்லாம் யாரோ ஒருவருடைய உச்சி மட்டம். குட்டையானவர்கள், நெட்டையானவர்கள். இரண்டு ஆணிகள் மிகவும் கீழே இருந்தன, அவை சின்னப் பிள்ளைகளுக்கு அடித்தவையாக இருக்கவேண்டும்.

இன்னொன்றையும் கண்டேன். ஊரில் ஒரு சனமும் இல்லாமல் கிடந்த ஆண்டுகளில்தான் அந்த மரம் நன்றாக வளர்ந்திருந்தது. அகலமான, கொழுத்த வளையங்கள். கிணற்றை யாரும் இறைக்காததால் வேருக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கும். காரணம் அதுதான். ஆனாலும் வாகனக் கதவை இழுத்து மூடிக்கொண்டு ஏசியைக் குறைத்தேன்.

கோடு போட்ட இடத்துக்கு வந்தேன். அங்கே ஆணி இல்லை.

ஆணி இருந்த துளை இருந்தது. பக்கத்து ஆணிகளின் அதே நீளம், அதே சரிவு. ஆனால் உள்ளே வெறும் கறுப்பு. ஆணி நின்றிருந்தால் அதற்குப் பிறகு வளர்ந்த மரம் அதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கும். இங்கே துளை பழைய ஒரு வளையத்தோடு நின்றுவிட்டது. அதற்கு வெளியே சுத்தமான மரம். ஆணி அடித்த அந்த மாரி முடிவதற்குள்ளேயே யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். துளையின் வாயில் இரண்டு பக்கமும் மரம் நசிந்த தழும்பு. குறடு வைத்து நெம்பிய அடையாளம் அது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தவமணி. கதவைத் திறந்தேன்.

"இல்லை எண்டு தெரியுதோ மிஸ்?"

"எது இல்லை எண்டு?"

"ஆணி" என்றார். "நான்தான் புடுங்கினனான்."

அவர் குரலை உயர்த்தாமல், ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடிச்ச அண்டையிலை இருந்து இவள் எழும்பேல்லை மிஸ். கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். பச்சைத்தண்ணி குடிக்கேல்லை. உச்சியைப் பொத்திக்கொண்டு, 'அக்கா, இதிலை குத்துது, இதிலை குத்துது' எண்டு அனுங்கிக்கொண்டே கிடந்தாள். மந்திரிச்சவர் அது அப்பிடித்தான் எண்டிட்டுப் போட்டார். எனக்குப் பொறுக்கேலாமல் போச்சுது. மத்தியானம் எல்லாரும் படுத்தாப்போலை குறட்டைக் கொண்டுபோய்ப் புடுங்கிப்போட்டன். திரும்பி வாறன், இவள் குசினி வாசல்லை நிக்கிறாள். 'அக்கா, பசிக்குது, சோறு இருக்கோ' எண்டு கேக்கிறாள்."

"அப்ப சுகமாப் போச்சுதுதானே?" என்றேன். "ஆணி இல்லாமலே சுகம். பிறகென்ன?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அவளிட்டையும் இல்லை, மரத்திலையும் இல்லை எண்டால் பிறகு எங்கை மிஸ் போயிருக்கும்? புடுங்கினது என்ர கைதானே."

இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பனையோலைக் கொட்டப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே கொல்லன் அடித்த சதுர ஆணி. கறள் இல்லை, தொட்டுத் தொட்டு வழுவழுத்திருந்தது. அதில் சுற்றியிருந்த மயிர் இன்னும் கறுப்பாகவே இருந்தது. நான் கையை நீட்டியதும் பெட்டியை மூடிவிட்டார்.

"தொடாதேங்கோ. அண்டையிலை இருந்து நான் ஒரு சின்னப் பிள்ளையையும் தொட்டதில்லை. இவளின்ர பிள்ளையள் இரண்டையும் தூக்கினதில்லை. பங்கருக்குள்ளையும் வாசல்லைதான் இருந்தனான், பிள்ளையளோடை முட்டாமல். செல் பட்டால் என்னோடை போகட்டும் எண்டு. இப்ப மிஸ் ஒண்டு செய்யுங்கோ. ஆணி இருக்கு எண்டு சொல்லுங்கோ. மரத்தை அறுக்கேக்கை நான் கட்டையிலை இதைச் செருகிவிடுறன். உங்களுக்கு என்ன குறையப் போகுது?"

"செருகினால் அது உங்களை விட்டுப் போயிடுமோ?"

"உது வெறும் இரும்பு மிஸ். அது என்னட்டைத்தான் இருக்கும்."

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அந்தப் பொய் நன்றாகப் பலித்திருக்கும். இராசமலர் கட்டையைக் கடலில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பேரப்பிள்ளையைக் கண்டிருப்பார். உண்மையைச் சொன்னால் அந்த மனுசி அந்த இடத்திலேயே குழம்பிவிடலாம், வீட்டுக்குள் நிறைமாதக்காரி. ஆனால் பொய்யைச் சொன்னால் இந்த மனுசி சாகும்வரை அந்தப் பிள்ளையின் பக்கம் போகமாட்டார். யாருடைய கழுத்தை நெரிப்பது என்று என்னைக் கேட்டதுபோல இருந்தது. யோசித்து முடிவெடுத்தேன் என்று இப்போது சொன்னால் அது புளுகு. யோசிக்க நேரம் இருக்கவில்லை, இராசமலர் வந்துவிட்டார்.

"என்ன மிஸ், கண்டியளோ?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "ஆணி இல்லை" என்றேன். "இருந்த இடம்தான் இருக்கு. ஆணி அடிச்ச மாரி முடியமுந்தியே ஆரோ கழட்டியிருக்கினம். அண்டையிலை இருந்து இண்டைவரை நீங்கள் அது இல்லாமல்தான் இருந்திருக்கிறியள்."

யார் என்று நான் சொல்லவில்லை. அது படத்தில் இல்லை.

இராசமலர் வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை தன்பாட்டில் உச்சிக்குப் போனது. கண் இமைக்கவில்லை. வாய் திறந்தது, குரல் வரவில்லை. வரப்போகும் குரல் யாருடையதாக இருக்கும் என்று நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அன்ரன் வாகனத்துக்குப் பின்னால் நின்று முணுமுணுவென்று செபம் சொல்வது கேட்டது.

அவர் மெல்லத் திரும்பித் தமக்கையைப் பார்த்தார். தமக்கை ஒருநாளும் இடுப்பை விட்டு இறக்காத கொட்டப்பெட்டி அவர் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"அதுதானோ அக்கா?" என்றார். அவருடைய சொந்தக் குரல்தான். "என்ர பிள்ளையளுக்கு ஒரு வாய் சோறு தீத்தினதில்லை நீங்கள். காய்ச்சல் எண்டாலும் கிட்ட வாறதில்லை. கல்நெஞ்சுக்காரி எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். அதுதானோ?"

தவமணி பெட்டியை மற்றக் கையாலும் பொத்திக்கொண்டார். இராசமலர் கையை நீட்டினார்.

"தாங்கோ."

"உனக்கென்ன விசரே?"

"தாங்கோ அக்கா. அது என்ரை. நீங்கள் வைச்சிருந்தது போதும்."

"பேரப்பிள்ளை பாக்கப் போறாய். பேசாமல் போ."

"நான் பாக்கிறது கிடக்கட்டும். நீங்கள் பாக்கவேண்டாமோ? தாங்கோ எண்டுறன்!"

"தரமாட்டன். போடி!"

உச்சி வெயிலில், ஒழுங்கை நடுவில், இரண்டு மனுசிகள் ஒரு பேயை யார் வைத்திருப்பது என்று இழுபறிப்பட்டார்கள். பஸ்சால் இறங்கியவர்கள் பாரமான பையை நான் தூக்குகிறேன், நீ விடு என்று பறிப்பார்களே, அப்படித்தான். எனக்கு அழுகை வந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை, இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்னுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்ரன் வேண்டாமென்று தலையாட்டினான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆணி இல்லை என்று சொல்ல என்னிடம் படம் இருந்தது. மற்றது இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு மகள் வந்து நின்றாள், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி.

"அம்மா! பெரியம்மா! உந்த வெயிலுக்கை நிண்டு என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார்கள் இரண்டு பேரும். ஒரே நேரத்தில், ஒரே குரலில். இரண்டு பேரில் யாருடைய குரல் அது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கொட்டப்பெட்டி வெறுமையாக நிலத்தில் கிடந்தது, ஆணியை எங்கும் காணவில்லை. இரண்டு பேரும் கையைக் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

உக்கல் இருக்கிறது, தறிக்கவும் என்று அறிக்கை எழுதினேன். தறித்தார்கள். மற்ற ஆணிகளைத் தேடி ஒருவரும் வரவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் செத்திருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், மறந்திருக்கலாம். ஆணி உள்ள துண்டுகளை எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தோம். உங்கள் களஞ்சிய அறையில், மேல்தட்டில் சாக்கு மூடிக் கிடப்பவை அவைதான். அவற்றைப் பிளந்து ஆணிகளை எடுத்துப் பார்த்தால் என்ன என்று உங்களில் யாருக்காவது ஒருநாள் தோன்றும். படங்கள் இருக்கின்றன, படங்கள் போதும். துண்டுகளை அப்படியே விடுங்கள். ஏன் என்று கேட்டால் விஞ்ஞானக் காரணம் ஒன்று நான் கண்டுபிடித்துத் தருகிறேன்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் இராசமலர் தொலைபேசி எடுத்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நான் சந்தோசப்பட்டு, நிறை என்ன, நிறம் என்ன என்று விசாரித்தேன். பிறகு தயங்கித் தயங்கி, தமக்கை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஆசுப்பத்திரியாலை கொண்டுவந்து முதல் அக்காவின்ர மடியிலைதான் மிஸ் கிடத்தினது" என்றார். "மாட்டன் மாட்டன் எண்டவ. நான் விடேல்லை. பக்கத்திலை இருந்துகொண்டன். ஒரு கையாலைதான் பிள்ளையை அணைச்சவ. மற்றக் கை என்ர கைக்குள்ளை."